ஒரே பதவிக்கு நானும் மச்சினனும்

மார்ச் 3, செவ்வாய்

எழுதவே வெட்கமாக இருக்கிறது. இன்று மத்தியானம் மாடியில் காயப்போட்டிருந்த பெட்ஷீட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, என் மச்சினன் போனில் பேசியதை ஒட்டுக்கேட்டேன். இந்த வயதில், இந்தத் தொப்பையோடு. பெட்ஷீட் முழங்கால் வரைதான் மறைத்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பேசி முடித்துவிட்டு, "என்ன மாமா, காத்து வாங்கறீங்களா?" என்றான். "இல்லடா, காயறேன்" என்றேன்.

ஆனால் கேட்டது கேட்டதுதான். "மாமாவுக்கு தினமும் பாடம் எடுக்கறேன். எதுக்குன்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா கோவிச்சுக்குவார்."

எதுக்கு?

மாலுமிகளான எங்களுக்கு அடுத்த படியான பெட்டி ஆபீசர் பதவி ஒன்றே ஒன்றுதான் காலி. எங்கள் கப்பலில் பரீட்சை எழுதுவது நானும், என் வீட்டுக்காரியின் தம்பியான இவனும்தான். இவனுக்கு இன்னும் வயது கிடக்கிறது. எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. கோட்டை விட்டால் வருஷக் கடைசியில் கடற்படை என்னைக் கரையில் இறக்கிவிட்டுவிடும். குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். போட்டிக்கு நிற்பவனுக்கு எவனாவது உட்கார்ந்து பாடம் எடுப்பானா? நான் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் முட்டாள் இல்லை.

மார்ச் 5, வியாழன்

இன்றைய பாடம் மூடுபனி. "ஓடிட்டிருக்கற கப்பல் ஒரு நீள ஊதல் ஊதணும் மாமா. எஞ்சினை நிறுத்திட்டு சும்மா மிதந்தா ரெண்டு."

சும்மா கிடக்கிறவனுக்கு எதற்கு இரண்டு? ஓடுகிறவன்தானே அதிகமாக அலற வேண்டும்? தலைகீழாகச் சொல்லிக் கொடுக்கிறான். பரீட்சையில் நான் தப்பாக எழுதுவேன், அவன் சரியாக எழுதுவான். அட, படிச்ச பயலே!

நன்றாகப் புரிந்ததுபோல் தலையாட்டினேன். நடிப்பில் நான் அவனுக்கு அப்பன்.

மார்ச் 8, ஞாயிறு

சிக்னல் பிரிவில் இருக்கிற கொடிக்காரரிடம் போய்ச் சும்மா பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டேன். ஊதல் சரிதானாம். விளக்கு நிறங்கள் சரி. நங்கூரக் கணக்கு சரி. இதுவரை மச்சினன் சொன்னது எல்லாமே சரி.

அதுதான் உதைக்கிறது. ஒன்றிரண்டு தப்பு இருந்தால்கூட நம்பியிருப்பேன். இவ்வளவு சரியாக ஒருவன் ஏன் சொல்லிக் கொடுக்கிறான்? பெரியதாக ஒன்றைக் கடைசி நாளுக்கு வைத்திருக்கிறான்.

மார்ச் 9, திங்கள்

வீட்டுக்காரியும் கூட்டு. சமையலறையில் அக்காளும் தம்பியும் குசுகுசு. நான் தண்ணீர் குடிக்கப் போனதும் கப்சிப்.

"நீ எந்தக் கட்சி?" என்று நேராகவே கேட்டேன்.

"சமைக்கற கட்சி. ரெண்டு பேர்ல யார் ஜெயிச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே வருது?"

"அவன் ஜெயிச்சா வீடு எங்கடி இருக்கும்? இங்க வேற எவனோ குடியிருப்பான்."

சோற்றைப் பரிமாற ஆரம்பித்தாள். அவன் தட்டில் மட்டும் இரண்டு முட்டை இருந்தது. நான் பார்த்தேன்.

மார்ச் 12, வியாழன்

இன்று என் முறை.

செய்முறைப் பரீட்சையில் கயிறு எறிய வேண்டும். கப்பல் கரையை நெருங்கும்போது முதலில் வீசுகிற மெல்லிய கயிறு, நுனியில் குண்டு முடிச்சு போட்டிருக்கும். இதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. மச்சினன் வீசினால் கயிறு பாதி வழி போய்விட்டு, ஏதோ மறந்துவிட்டதுபோல் திரும்பி வருகிறது.

"மாமா, உங்களுக்கு மட்டும் எப்படிப் போகுது? கொஞ்சம் சொல்லுங்களேன்."

நிற்கிற நிலையைச் சொன்னேன். சுருளை இரண்டு கையிலும் பிரிப்பதைச் சொன்னேன். தோள் திரும்புவதைச் சொன்னேன். எல்லாம் சரியாகவே சொன்னேன், ஒன்றைத் தவிர. எறிவதற்கு முன் கயிற்றை நனைக்க வேண்டும். ஈரக் கயிறு கனமாகி, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். என் சுருளை அவன் வருவதற்கு முன்பே நனைத்து வைத்துவிட்டேன்.

அவன் கை சிவக்கச் சிவக்க வீசிக்கொண்டே இருந்தான். "பழகப் பழக வரும்டா" என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

சாப்பாடு இறங்கவில்லை. சளியாக இருக்கும்.

மார்ச் 18, புதன்

எழுத்துப் பரீட்சை முடிந்தது. மூடுபனி வந்தது. விளக்கு வந்தது. நங்கூரம் வந்தது. அவன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளே என் பேனாவிலும் வந்தன. அவன் சொல்லித் தராமல் இருந்தால் பேரை எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து, இனித் தாங்காது என்று கேட்டேவிட்டேன். "உன் தம்பி எனக்கு எதுக்குடி பாடம் எடுத்தான்? உண்மையச் சொல்லு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை.

"யாருக்காவது சொல்லிக் குடுத்தாத்தான் அவன் மண்டையில ஏறும். சின்ன வயசுலயே அப்படித்தான். வீட்டுத் தூணை நிக்க வச்சு பாடம் நடத்துவான். இப்ப தூணுக்குப் பதிலா நீங்க. சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு பயந்தான்."

தூண்.

அப்படியானால் சதி இல்லை. தியாகமும் இல்லை. அவன் தனக்காகப் படித்தான், பக்கத்தில் நின்ற எனக்கும் அது வந்து சேர்ந்தது. இத்தனை நாளும் ஒருவன்தான் ஒளித்து வைத்திருக்கிறான். நான்.

கோபமாவது வந்திருக்கலாம். அதுவும் வரவில்லை.

மார்ச் 20, வெள்ளி

செய்முறைப் பரீட்சை. காலையிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். வாயைத் திறந்தால், "சாப்பிட்டியாடா?" என்றுதான் வந்தது. சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே. அதற்கு என்ன பதில்? நாளைக்குக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது எவன் வந்து சாமான் தூக்குவான் என்றும் யோசித்தேன். மறைக்க மாட்டேன், யோசித்தேன்.

நல்ல காற்று. முதலில் நான். வீசினேன், கயிறு கரைக் கம்பத்தின் மேலேயே விழுந்தது. அடுத்து அவன். பரீட்சை தொடங்கிவிட்டால் பேசக் கூடாது; பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அவன் சுருள் காலடியில் கிடந்தது, எலும்பாகக் காய்ந்து.

தளம் கழுவுகிற வாளி ஓரமாக இருந்தது. என் கால் பட்டது. முழு வாளியும் அவன் கயிற்றின் மேல் கவிழ்ந்தது.

பரீட்சை நடத்திய மீசைக்காரர், "கண்ணு எங்கய்யா இருக்கு?" என்று கத்தினார். கவனக்குறைவு என்று எனக்கு மார்க்கைக் குறைத்து எழுதினார். மச்சினன் என்னைப் பார்த்தான். வேண்டுமென்றே கெடுத்துவிட்டேன் என்று நினைக்கிறான். இத்தனை நாளாக நான் அவனைப் பார்த்த அதே பார்வை.

பிறகு வீசினான். கயிறு போனது.

கம்பத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கையில் சொட்டிய தண்ணீரைப் பார்த்தான். குவார்ட்டர்ஸ் வாசலில், "முன்னாடியே சொல்லியிருக்கலாம் மாமா" என்றான்.

"ஆமாடா" என்றேன்.

மார்ச் 30, திங்கள்

முடிவு வந்துவிட்டது. அவன்தான். கொஞ்ச மார்க்தான் வித்தியாசமாம்.

மார்ச் 31, செவ்வாய்

வீட்டுக்காரி இன்று என் தட்டில் மூன்று முட்டை வைத்தாள். "என்னடி, ஆறுதல் பரிசா?" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. பாத்திரம் கழுவும் சத்தம்கூட இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

இன்று புதுப் பதவியில் அவனுக்கு முதல் அணிவகுப்பு. சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு, புதுச் சின்னத்தைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான். ஊசி பிடிக்கத் தெரியாது. அக்காள் தைக்கிறேன் என்றாள். நான்தான் தைப்பேன் என்று வாங்கிக்கொண்டேன். சட்டையைக் கழற்ற நேரமில்லை. அவனை நிற்க வைத்து, இடது தோளுக்குக் கீழே தைத்தேன். "ஆடாதடா, தூண் மாதிரி நில்லு" என்றேன். ஆடாமல் நின்றான்.

நூலைக் கடித்து அறுத்துவிட்டு, விறைப்பாக நின்று அவனுக்கு ஒரு சல்யூட் அடித்தேன். என் வலது கையோடு அவனுடைய இடது கையும் மேலே வந்தது.

என் சட்டையின் கை மடிப்பையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். பிரித்து மறுபடியும் தைத்தேன். அணிவகுப்புக்கு அவன் தாமதமாகத்தான் போனான்.