மாடியில் கட்டிய யானை

ஜூன் 8, திங்கள்

விடியலிலிருந்து மழை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கணுக்காலுக்குத் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லூரிக்குள் நுழைந்தேன். வாட்ச்மேன் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனிதர்.

நூலகத்தில் மேற்குச் சுவரோரம் ஒழுகல். இரண்டு வாளி வைத்தாயிற்று. பழைய நாளிதழ்க் கட்டுகளை நகர்த்தியாயிற்று. இடுப்பு வலி.

பத்தரைக்குப் பிரின்சிபால் கூப்பிட்டார். இதுவரை சந்தா கட்டிப் படித்துவந்த ஆய்விதழ்கள் இனி கிடையாதாம். பதிலுக்கு, மாணவர்கள் ஆய்வுக்குப் பயன்படுத்த இலவச இணையதளங்களின் பட்டியல் வேண்டும். தயாரிக்க வேண்டியவள் நூலகர், அதாவது நான். மாதக் கடைசியில் மதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்குள்.

"நூறு இருக்கணும் டீச்சரே. நூறுன்னா கேக்க ஒரு கெத்து."

"இருபது சரிபார்த்துத் தர முடியும்."

"இருபதோ? அது என் ஃபோன்லயே உண்டு."

அவரே சொல்லி அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெளியே வந்தால் வரலாற்றுத் துறை அனூப் காத்திருக்கிறார், கையில் நூற்றைம்பது இணைப்புகளோடு. ஏஐ-யிடம் கேட்டு வாங்கியதாம், பத்து நிமிடத்தில். அதில் ஒரு பெருமை வேறு.

மதியம் அவருடைய பட்டியலில் முதல் இருபதைத் திறந்து பார்த்தேன். ஆறு தளங்கள் உலகத்திலேயே இல்லை. இரண்டு எப்போதோ செத்துவிட்டன. "கேரளக் கடல் வணிக ஆவணக் காப்பகம்" என்று ஒன்று. திறந்தால் மீன்தொட்டி விற்கும் கடை.

சொன்னேன். அனூப் அசரவில்லை.

"குழு வந்து ஒவ்வொண்ணா கிளிக் பண்ணுமோ டீச்சரே?"

"குழு பண்ணாது. பிள்ளைங்க பண்ணுவாங்க."

அதற்கு ஒரு தோள் குலுக்கல். இத்தனைக்கும் பிள்ளைகளுக்கு ஆய்வு வழிகாட்டி.

வாங்க வேண்டியவை: துவரம்பருப்பு, அம்மாவின் மாத்திரை, குடைக்கு ஒரு கம்பி.

ஜூன் 9, செவ்வாய்

மழை விட்டு விட்டு. வாளி ஒன்று போதும்.

மூன்று கேள்விகளைப் பெரிய எழுத்தில் அடித்து நூலக வாசலில் ஒட்டினேன். எந்தத் தளத்தையும் நம்புவதற்கு முன் கேட்க வேண்டியவை. யார் சொல்வது? அவருக்கு எப்படித் தெரியும்? எங்கிருந்து எடுத்தது?

நூலக உதவியாளர் சாந்தா சேச்சி படித்துப் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட கேக்கற கேள்வியாட்டம் இருக்கே மிஸ்" என்றார். அப்படிக் கேட்டிருந்தால் இவர் கல்யாணமே நடந்திருக்காதாம்.

மூன்று மணிக்கு நஸ்ரின் வந்தாள். எம்.ஏ. வரலாறு, கடைசிப் பருவம். வீட்டில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பம். அப்பா யூசுப் இங்கே பஜாரில் சுமை தூக்கியவர், முழங்கால் போய் இப்போது வீட்டில். இவளுடைய ஆய்வேடு மட்டாஞ்சேரிப் பண்டகசாலைத் தொழிலாளர்கள் பற்றி. வெள்ளி ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் ஆதாரங்களைப் பார்த்து நூலகர் சீட்டில் கையெழுத்திட வேண்டும். அந்தச் சீட்டும் நான் கொண்டுவந்த வழக்கம்தான்.

போன மாதம் இவளுடைய வரைவில் ஒரு பத்தியை அடித்தேன். மிளகுப் பண்டகசாலை ஒன்றின் உள்சுவரில் இரும்பு வளையங்கள் வரிசையாக இருக்கின்றன. அவை தொழிலாளர்கள் சட்டை மாட்டிய வளையங்கள், தொங்கும் சட்டைதான் அவர்களுக்கு வருகைப் பதிவு என்று எழுதியிருந்தாள். ஆதாரம்: "என் தந்தை கூறியது." மூன்று தளங்கள் அவை யானை கட்டும் வளையங்கள் என்கின்றன. மூன்று ஒத்துப்போனால் ஏற்கலாம் என்பது என் விதி. அப்பா சொன்னது ஆதாரமாகாது, மாற்றிக்கொண்டு வா என்றேன்.

மாற்றிவிட்டாள். யானை, மூன்று அடிக்குறிப்பு, எல்லாம் ஒழுங்கு. கையெழுத்திட்டேன்.

"அத்தா இப்பவும் சொல்றாரு மிஸ், ஆனை அந்த வாசலத் தாண்டி உள்ள வந்ததே இல்லேன்னு."

"நினைவு மாறிப் போயிருக்கும்மா."

சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். முகத்தை ஒரு தடவைகூட நிமிர்த்தவில்லை. மரியாதை தெரியாத பெண் என்று நினைத்தேன்.

ஜூன் 10, புதன்

வெயில். புழுக்கம். துணி காயவில்லை.

பட்டியலுக்காக உள்ளூர் வரலாற்றுத் தளங்களைப் பார்த்தேன். நஸ்ரின் காட்டிய மூன்றையும் சேர்த்துவிடலாம் என்று எடுத்தேன். ஏற்கெனவே கையெழுத்திட்டவைதானே. பெயருக்கு வாசலில் ஒட்டிய மூன்று கேள்விகளையும் கேட்டேன்.

முதல் தளம் ஒரு தங்கும் விடுதியுடையது. யானைப் பத்தி வரிக்கு வரி இரண்டாவது தளத்திலிருந்து எடுத்தது. இரண்டாவது, சுற்றுலாப் பயணிகளைத் தெருத் தெருவாக நடத்திக் கூட்டிப்போகும் ஒருவரின் வலைப்பதிவு. அவர் எடுத்தது மூன்றாவதிலிருந்து. நன்றி என்றுகூடப் போட்டிருக்கிறார். மூன்றாவது, பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடக் குறிப்புத் தளம். அதில் மட்டும் ஓர் அடிக்குறிப்பு.

ஆக, மூன்று இல்லை. ஒன்று. ஒரே ஆளை மூன்று சட்டை மாற்றி நிற்கவைத்திருக்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. எவனோ ஒருவன் அளந்துவிட்டதை இத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருக்கிறார்கள், அவன் யாரென்று பார்த்துவிடுகிறேன் என்று அடிக்குறிப்பை அழுத்தினேன்.

எங்கள் கல்லூரியின் பழைய ஆண்டு மலர். யாரோ ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். பக்கம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஆங்கிலத் தலைப்பு. கோட்டோவியமாக ஒரு யானை. கீழே பெயர்.

எஸ். ஜெயலட்சுமி, எம்.ஏ.

நான்.

அப்போது இருபத்துநான்கு வயது. தற்காலிக விரிவுரையாளர். மலர் அச்சுக்குப் போகிறது, இரண்டு பக்கம் காலியாக இருக்கிறது, நாளைக்குள் ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். எர்ணாகுளத்திலிருந்து வரும் போட்டில் ஒரு வழிகாட்டி வெள்ளைக்காரத் தம்பதிக்குச் சொல்லிக்கொண்டு வந்ததைக் கேட்டிருந்தேன். அதை எழுதினேன். "நம்பப்படுகிறது" என்று ஒரு வார்த்தை போட்டுவைத்தேன், தப்பித்துக்கொள்ள. எடுத்தவர்கள் அந்த வார்த்தையை விட்டுவிட்டார்கள்.

அந்தப் பண்டகசாலை இங்கிருந்து பத்து நிமிட நடை. போய்ப் பார்க்கவில்லை. அன்றும், இத்தனை வருடத்திலும்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. ரசம் வைத்ததே தண்டம். அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

ஜூன் 11, வியாழன்

எட்டு மணிக்கே போனேன். மழை இல்லை.

பண்டகசாலையில் பாதி இப்போது படக் கண்காட்சி, மீதி சுக்கு மூட்டை. வாசலில் இருந்த ஆள் கேட்கும் முன்பே, "ஆனை வளையமா? போட்டோ எடுத்துட்டு சீக்கிரம் வாங்க சேச்சி, லோடு வருது" என்றார்.

ஏழு வளையங்கள். சுண்டுவிரல் கனம்கூட இல்லை. என் தோள் உயரம். யானை வேண்டாம், முரண்டு பிடிக்கும் ஆட்டைக் கட்டினாலே பிடுங்கிக்கொண்டு போய்விடும். சரி, யானை என்னவோ சாதுவானது என்றே வைத்துக்கொள்வோம் என்று திரும்பினேன். மூலையில் குறுகலான மரப்படி. ஏறினேன்.

மாடியிலும் நான்கு வளையம்.

என் பையை ஒன்றில் மாட்டிப் பார்த்தேன். அழகாகத் தொங்கியது.

பதினொரு மணிக்கு நஸ்ரினைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மலரையும் காட்டினேன். நன்றி சொல்வாள், அல்லது பரவாயில்லை மிஸ் என்பாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவளுக்கு வந்தது கோபம்.

"அத்தாகிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா மிஸ்? காலேஜ்ல படிச்சவங்க பாத்துட்டாங்க, உங்களுக்குத்தான் ஓர்மை தப்பிருச்சுன்னு சொன்னேன். படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னாரு. அதோட பழைய பேச்சே எடுக்கறதில்ல. நானும் கேக்கறதில்ல. ரெண்டு அத்தியாயம் பாக்கி இருந்துச்சு. அத்தனையும் இன்டர்நெட்ல பாத்து எழுதினேன்."

"அந்தப் பத்தியைத் திரும்பச் சேர்த்துடலாம்."

"நாளைக்கு சாயங்காலம் சப்மிஷன். அத்தாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன்."

நியாயம்.

பத்தியைத் திரும்பச் சேர்க்க, அவளுடைய வழிகாட்டி அனூப் ஒத்துக்கொள்ளவில்லை. "மூணு தளம் ஒரு பக்கம், ஒரு சுமட்டுக்காரர் ஒரு பக்கம். வெளியிலேர்ந்து வர்ற எக்ஸாமினர் கேட்டா நான் என்ன சொல்ல?"

"அந்த மூணும் ஒண்ணு. அந்த ஒண்ணு நான்."

"அப்போ எழுத்துல குடுங்க டீச்சரே. பிரின்சிபால் கையெழுத்தோட." மீன்தொட்டிக் கடையைப் பட்டியலில் சேர்த்தவருக்கு இப்போது முத்திரை வேண்டும்.

யூசுபுக்குத் தொலைபேசினேன். நடந்ததைச் சொன்னேன். "நாளைக்கு வரேன்" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 12, வெள்ளி

மழை, காற்று. ஒன்பதரைக்குக் கடிதம் தயார். ஆண்டு மலரில் நான் எழுதியது நேரில் பார்க்காமல், விசாரிக்காமல், காதில் விழுந்ததை வைத்து எழுதியது, ஆதாரமாகக் கொள்ளத்தக்கதல்ல. நான்கு வரி. ஐந்து தடவை அடித்துத் திருத்தினேன். "இளமையில்" என்று ஒரு சொல் போட்டேன். எடுத்துவிட்டேன்.

பிரின்சிபால் இரண்டு தடவை படித்தார்.

"குழு வர்ற நேரத்துல, நூலகரே தப்பா எழுதினேன்னு ஒரு பேப்பர். இது வேணுமா டீச்சரே? ஒரு வளையம்தானே."

"அந்தப் பொண்ணோட ஆய்வேடு சார்."

"பாஸ் ஆயிடுவா. யானைன்னு இருந்தா யாரும் கேக்கமாட்டாங்க."

அதுதான். யாரும் கேட்கமாட்டார்கள் என்பதுதான் இங்கே எல்லாவற்றுக்கும் அளவுகோல். நகராமல் நின்றேன். கையெழுத்திட்டார். பேனாவை மூடிக்கொண்டே, குழுவுக்கு முன்னால் பட்டியலை அனூப் விளக்கட்டும், நீங்கள் வேண்டாம் என்றார். அனூப்பின் நூற்றைம்பது இணைப்புகளும் அப்படியே குழுவுக்குப் போகும். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். 

பதினொன்றரைக்கு யூசுப் வந்தார், நஸ்ரின் கூட. முழுக்கைச் சட்டை, இஸ்திரி போட்டது. முழங்காலைப் பிடித்துப் பிடித்துப் படி ஏறினார். சாந்தா சேச்சி சாயா கொடுத்தார். எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் சாயாவை ஊதினார்.

"ஆனைய நீங்க பாத்தீங்களா டீச்சர்?"

"இல்ல."

"மாடியில வளையம் இருக்கு. பாத்தீங்களா?"

"நேத்துதான் பாத்தேன்."

"ஆனைய மாடிக்கு எப்படி ஏத்தினாங்க? சாக்குல கட்டித் தூக்கினமோ? எனக்குத்தான் ஓர்மை தப்பிருச்சே."

சாந்தா சேச்சி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நஸ்ரின் தரையைப் பார்த்தாள். அந்தக் குத்தலை நான் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு சொன்னார். நஸ்ரின் எழுதினாள், நான் தட்டச்சு செய்தேன்.

"காலையில சட்டையக் கழத்தி வளையத்துல மாட்டணும். சட்டை தொங்குனா ஆள் உண்டு. மூப்பன்னு ஒரு மேஸ்திரி, அவன் வந்து சட்டைய எண்ணிட்டுப் போவான். மூஞ்சியப் பாக்கமாட்டான். மாடியில சுக்கு பொறுக்கற பொம்பளைங்க. அவங்க சோத்துப் பைய மாட்டுவாங்க."

தட்டச்சு செய்ததைப் படித்துக் காட்டச் சொன்னார். நடுவில் நிறுத்தினார். "எங்க அத்தாவும் அங்கதான் சுமந்தாரு. அவரு வளையம் நாலாவதுன்னு எழுதியிருக்கா. மூணாவது. நாலாவது எனக்கு. மாத்து." மாற்றினாள். தன் பெயர் எப்படி வருகிறது என்று கேட்டு, எழுத்தெழுத்தாகப் பார்த்தார். அவர் வேலை செய்த வருடங்களைக் கேட்டேன். சரியாக நினைவில்லாத ஒன்றை, "இது தெரியாது, எழுதாதே" என்றார்.

யார் சொல்வது, எப்படித் தெரியும், எங்கிருந்து. மூன்றுக்கும் பதில் இருந்தது. என் கட்டுரையில் ஒன்றுக்கும் இல்லை.

பைண்டிங் கடைக்கு நஸ்ரின் குடை இல்லாமல் ஓடினாள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது செய்தி அனுப்பினாள். "கொடுத்தாச்சு." வேறொன்றும் இல்லை. மற்ற இரண்டு அத்தியாயங்களை அவரிடம் கேட்டு எழுத இனி நேரமில்லை. இணையத்திலிருந்து எடுத்தபடியே போய்விட்டன. அதற்கு என்னிடம் கடிதம் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் மூன்று தளங்களுக்கும் திருத்தக் கோரிக்கை அனுப்பினேன்.

ஜூன் 13, சனி

மழை. மேற்குச் சுவருக்கு மறுபடியும் இரண்டு வாளி. நூலகத்தின் ஆண்டு மலர்ப் பிரதியில், யானைக்கு மேலேயே திருத்தச் சீட்டு ஒட்டினேன். பசை காய நேரம் எடுக்கிறது.

விடுதியிடமிருந்து பதில் இல்லை. வலைப்பதிவருக்கு அனுப்பியது திரும்பி வந்துவிட்டது. பாடக் குறிப்புத் தளம் மட்டும் பதில் போட்டிருக்கிறது:

"உங்கள் கோரிக்கையைப் பரிசீலித்தோம். எங்கள் தகவல் உள்ளூர் வரலாற்று அறிஞர் எஸ். ஜெயலட்சுமி அவர்களின் கட்டுரையை அடிப்படையாகக் கொண்டது. அதை மறுக்க அதற்கு இணையான ஆதாரம் தேவை. இணைப்பு இருந்தால் அனுப்பவும்."

அறிஞர்.

சாந்தா சேச்சி தோளுக்கு மேலாகப் படித்தார். "அந்த ஜெயலட்சுமிய நேர்ல போய்ப் பிடிச்சு நாலு வார்த்தை நல்லாக் கேளுங்க மிஸ். விடாதீங்க."

பதில் எழுதினேன். அந்த ஜெயலட்சுமி நான். போய்ப் பார்க்காமல் எழுதினேன். வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன். மாடியிலும் வளையம் இருக்கிறது. மாடிக்குப் போகும் படி மரத்தால் ஆனது. ஓர் ஆள்தான் ஏறலாம்.