ஏழாம் எண்ணுக்குப் போட்ட டிக்

மார்ச் 4, செவ்வாய்

விளக்கேற்றி, அத்தைக்கு மாத்திரை கொடுத்து, ஒன்பதரைக்குக் கணினி முன் உட்கார்ந்தேன். பரிசோதனைக்கூடத்துக்குப் பதினொரு கிளை, பதினொரு சர்வர். ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் அவற்றில்தான். மகள் விட்டுப்போன பழைய கணினியில் இலவசப் பாடங்கள் பார்த்து, சர்வர்களை இயக்கும் லினக்ஸ் கற்றுக்கொண்டவள் நான். நாலு வருடமாக ஒவ்வொரு சர்வரிலும் நானே நுழைந்து, நானே மாற்றி, நோட்டில் டிக் போட்டு வருகிறேன்.

மேலாளர் அழைத்தார். "மேடம், இன்னும் அஞ்சு கிளை திறக்கிறோம். பதினாறையும் கையால பார்த்துட்டிருந்தா நீங்க அடுப்புப் பக்கமே போக முடியாது. ஆட்டோமேஷன் பண்ணிடுங்க."

அடுப்புப் பக்கம் போகாவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது.

மார்ச் 6, வியாழன்

புரிந்துகொண்ட வரையில் விஷயம் இவ்வளவுதான். ஒரு சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரே கோப்பில் எழுதி வைக்க வேண்டும். ஆட்டோமேஷன் கருவி ஒவ்வொரு சர்வராகப் போய் அது அப்படித்தான் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் மஞ்சள் காட்டித் தானே சரிசெய்துவிடும்.

கோப்பில் ஒரு இடைவெளி கூடினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு கோபித்துக்கொள்ளவில்லை.

மார்ச் 8, சனி

நாலு வருட நோட்டு எண்பது வரிக் கோப்பில் அடங்கிவிட்டது. கொஞ்சம் வருத்தம்தான்.

மார்ச் 11, செவ்வாய்

முதல் ஓட்டம். "எதையும் தொடாதே, பார்த்து மட்டும் சொல்" என்று ஒரு வழி இருக்கிறது, அப்படித்தான் ஓட்டினேன். பத்து சர்வர் பச்சை. ஏழாவதில் ஒரு மஞ்சள் வரி. கடிகாரத்தைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அதில் இல்லையாம்.

இருக்கிறதே. போன வருடம் பிப்ரவரி 8, பதினொரு சர்வரிலும் போட்டேன். நோட்டில் டிக் இருக்கிறது. கருவியில்தான் ஏதோ கோளாறு என்று மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் மஞ்சள்.

உள்ளே போய் மணி பார்த்தேன். நாலு நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 12, புதன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 8 அன்று ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு வேலை செய்தேன். ஒன்று இந்தக் கடிகாரம். இன்னொன்று, பழைய பதிவுக் கோப்புகளைத் தானே கழித்துவிடும் ஏற்பாடு. அது இல்லாவிட்டால் கோப்பு மேல் கோப்பு சேர்ந்து டிஸ்க் நிரம்பிவிடும். போன ஏப்ரலில் ஏழாவது சர்வர் அப்படித்தான் நிரம்பி நின்றது. இரண்டு நாள் யாருக்கும் ரிப்போர்ட் போகவில்லை. ஜனங்கள் கிளை வாசலில் வந்து நின்று கத்தினார்கள். அப்போது அந்தக் கழிக்கும் ஏற்பாட்டை மட்டும் போட்டேன், கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அன்று மேலாளர் கேட்டார், யார் பொறுப்பு என்று. என் நோட்டில் ஏழுக்கு டிக் இருந்தது. அதற்குப் பிறகு ஏழில் நுழைந்தது என்னோடு வேலை பார்த்த சுருட்டை மட்டும்தான், பிரின்டர் மாட்டுவதற்காக. சுருட்டை முடி, அதனால் அந்தப் பேர். எதையும் எழுதி வைக்க மாட்டாள், எல்லாம் மண்டையில். என்னை "நோட்டக்கா" என்பாள். "நோட்டக்கா, இன்னைக்குத் தும்மினதை எழுதிட்டீங்களா?"

நான் எதையும் தொடலை, தொடலை என்று சொல்லிப் பார்த்தாள். நான் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பினேன். அவள்தான் அந்த ஏற்பாட்டை அழித்தாள் என்று அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

இன்று, எந்த சர்வரில் யார் எப்போது நுழைந்தார்கள் என்று காட்டும் பழைய வருகைப் பதிவை எடுத்தேன். ஏப்ரலில் டிஸ்கில் இடம் பண்ணியபோது எதையும் அழிக்காமல் வேறு இடத்தில் நகர்த்தி வைத்திருந்தேன், குப்பையைக்கூடத் தூக்கிப் போட மனம் வராது எனக்கு. பிப்ரவரி 8. ஒன்று முதல் ஆறு வரை நுழைந்திருக்கிறேன். எட்டு முதல் பதினொன்று வரை நுழைந்திருக்கிறேன். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் மூன்று மணி நேரம்.

ஏழில் அன்று யாருமே நுழையவில்லை.

இதே நாட்குறிப்பைப் பின்னால் புரட்டினேன். பிப்ரவரி 8: "அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார்கள். எக்ஸ்ரே எடுத்தது. முறிவில்லை. ஆண்டவன் காப்பாற்றினான்." திரும்பி வந்து எட்டில் தொடங்கியிருக்கிறேன். முடித்துவிட்டு மொத்தமாக மேலிருந்து கீழே பதினொரு டிக்.

டிக் போட்டது நான். வேலை போனது அவளுக்கு.

மார்ச் 13, வியாழன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார். திட்டவில்லை. "வேணும்னு செஞ்சதா? இல்லையே. முடிஞ்சு போன விஷயம், இப்ப எதுக்குக் கிளறுறே?"

ஓட்டு என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும், மஞ்சள் பச்சையாகிவிடும். சாட்சியே இருக்காது. எனக்குத் தெரியும், அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இந்த நோட்டும் பொய். அவள் போன அன்று எனக்கு உள்ளுக்குள் லேசாக இருந்தது. எழுதி வைக்கிறவள் ஜெயித்தாள் என்று தோன்றியது. அன்று மாலை நிம்மதியாகப் பிரார்த்தனை செய்தேன். அதை நினைத்தால்தான்—

மார்ச் 14, வெள்ளி

விளக்கின் முன் அரைமணி நேரம் உட்கார்ந்தும் ஒரு வார்த்தை வரவில்லை.

மார்ச் 15, சனி

சுருட்டையைப் போய்ப் பார்த்தேன். ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்கிறாள். வெயிலடிக்கிற கண்ணாடிக் கதவு, ஓயாமல் சத்தம் போடும் இயந்திரம். என்னைப் பார்த்ததும், "என்ன நகல் எடுக்கணும்?" என்றாள், வாடிக்கையாளரிடம் கேட்பது போல.

நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். ஏழு, பிப்ரவரி 8, அத்தை விழுந்தது, டிக். எதையும் விடவில்லை. தாளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"தெரியுமாக்கா, நீங்க எழுதினதை நானே நம்பிட்டேன். பிரின்டர் மாட்டும்போது என் கைதான் எங்கயோ பட்டிருக்கு போலன்னு. எத்தனை நாள் யோசிச்சிருப்பேன், எந்தக் கமாண்டு அடிச்சேன், எதை அழிச்சேன்னு. அப்புறம் எந்த சர்வர் வேலைக்கும் நான் கேட்டுப் போகலை. எனக்கே என் மேல பயம்."

மன்னிச்சுடும்மா என்றேன்.

"அதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அன்னைக்குப் படம் எடுத்து யாருக்கு அனுப்பினீங்களோ அங்க சொல்லுங்க." பின்னால் நின்ற ஆளைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க சார், எத்தனை காப்பி?" என்றாள்.

வழியெல்லாம் அழுதேன். பஸ்ஸில் பக்கத்து அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மார்ச் 17, திங்கள்

மேலாளருக்கு எழுதி அனுப்பினேன். வருகைப் பதிவு, நோட்டின் படம், மஞ்சள் வரி, மூன்றையும் இணைத்து.

உடனே போன். "மேடம், உங்க நேர்மை புரியுது. ஆனா அவங்களை அனுப்பின உத்தரவுல கையெழுத்துப் போட்டது நான். மேல என்ன கேப்பாங்க? பேசாம ஓட்டி விடுங்க, பச்சை ஆயிடட்டும். அந்தம்மாவும் வேற வேலையில இருக்காங்க இல்ல."

"சார், அவங்க தப்பு இல்லன்னு நீங்க அவங்களுக்கு எழுதிக் கொடுக்கிற வரைக்கும் நான் ஏழாவதைத் தொட மாட்டேன்."

"வேற ஆளை வெச்சுத் தொட வேண்டியிருக்கும்."

"வையுங்க சார். அவங்களுக்கும் இதே மஞ்சள்தான் தெரியும்."

எனக்கு எங்கிருந்து அந்த வாய் வந்தது? இந்த வேலை போய்விட்டால்? இந்த வீட்டில் ஒன்பதரைக்கு எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. அதை இழக்க எனக்கு விருப்பமில்லை, ஆண்டவனே.

மார்ச் 20, வியாழன்

பதில் இல்லை.

மார்ச் 22, சனி

பதில் இல்லை. அத்தை மட்டும் கேட்டார்கள், "என்னம்மா, பொட்டி முன்னாடி உக்காந்து அதையே முறைச்சுப் பார்க்கிறே?" சொன்னேன். விழுந்த அன்றைக்கு நடந்தது என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. "என்னாலயா?" இல்லை அத்தை, டிக் போட்ட கை என்னுது, என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

மார்ச் 28, வெள்ளி

அவளுக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். "பணியாளர் மீது தவறு இல்லை, நடவடிக்கை திரும்பப் பெறப்படுகிறது." அவளை அனுப்பியபோது இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருந்தார்களாம், அதையும் விடுவிக்கிறார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. நியாயம்தான், கோப்பில் வைத்துக்கொண்டேன்.

மேலாளரிடம் ஒரு யோசனை சொன்னேன். இனி நான் எழுதும் எந்த மாற்றத்தையும் வேறொருவர் படித்துச் சரி என்று சொல்லாமல் ஓட்டக் கூடாது. "யார் படிக்கிறது?" என்றார். யார் என்று சொன்னேன். "வருவாங்களா?" என்றார். தெரியாது என்றேன்.

ஏழாவதில் கருவியை ஓட்டினேன். பச்சையாக ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஏப்ரல் 9, புதன்

சுருட்டை வருகிறாளாம். அரை நாள் வேலை, வீட்டிலிருந்தே. நிபந்தனை ஒன்று வைத்தாளாம்: என்னோடு பேச்சு எல்லாம் வேலையைப் பற்றி மட்டும்.

சரி என்றேன்.

ஜூன் 9, திங்கள்

பதினாறு சர்வர். புதுக் கிளைகளுக்கான கோப்பைக் காலையில் அவளுக்கு அனுப்பினேன். நானே இரண்டு தடவை படித்துப் பார்த்ததுதான். பதினொன்றரைக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள். நாற்பதாவது வரியில் புதுக் கிளை ஒன்றை விட்டிருக்கிறேனாம். கீழே ஒரு குறிப்பு: "அக்கா, இதை எழுதும்போது வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

இல்லை, வாசலில் காய்காரர் வந்தார், எழுந்து போனேன் என்று உண்மையை எழுதினேன். திருத்தி மறுபடி அனுப்பினேன்.

மணி ஒன்று. சோறு வடித்தாகிவிட்டது. அவளுடைய "சரி" இன்னும் வரவில்லை. காத்திருக்கிறேன்.