அனுப்பும் வேலை

மே 3
கீழ் வீடு காலியாகிறது, வந்து இருக்கிறாயா என்று தங்கை கேட்டிருந்தாள். இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள் வைத்துவிடுவாள். ஆறு நாள் யோசித்தேன். பாரமாகிவிடுவேனோ? இன்று காலை மெயில் எழுதிவிட்டேன் – வருகிறேன்.

மே 9
பல் மருத்துவர் போன் செய்தார். நான் எழுதிய மெயில் நிரலைத் தன் கிளினிக் கணினியில் வைத்திருப்பவர். அதிலிருந்தே மெயில் அனுப்பும் வசதி வேண்டுமாம். என் நிரல் படிக்கும், எழுத உதவும். எழுதியதை, அனுப்புவதற்கென்றே உள்ள வேறொரு நிரலிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஒரு நிரலுக்கு ஒரு வேலை என்பது என் நெடுநாள் கொள்கை என்றேன்.
"பல்லப் பிடுங்கறது நான், பஞ்சு வைக்க எதிர்க் கடைக்குப் போங்கன்னா பேஷன்ட் சும்மா விடுவாரா சார்?"
மாலை நடக்கும்போதுதான் இதற்கு நல்ல பதில் தோன்றியது. வழக்கம்தான்.

மே 17
தங்கையிடமிருந்து ஒன்றுமில்லை.

மே 22
மனம் மாறியிருப்பாள். கூப்பிட்டுக் கேட்கலாம். நான் கேட்டு, அவள் சங்கடப்பட்டு, சரி வா என்று சொல்லிவிட்டால்? வேண்டாம்.

மே 29
பல் மருத்துவர் மறுபடி. இந்த மாதம் அவர் எழுதியது எதுவும் யாருக்கும் போகவில்லை. மெயில் சேவைக்காரர்கள், கணக்கில் உள்நுழையும் முறையை மாற்றியிருக்கிறார்கள். அனுப்பும் நிரல் தடுமாறி, அந்தக் குறையை யாரும் திறக்காத ஒரு கோப்பில் தினமும் எழுதி வைத்திருக்கிறது. என் நிரலோ ஒவ்வொன்றுக்கும் 'ஒப்படைத்தாயிற்று' என்று காட்டியிருக்கிறது. பொய்யில்லை. ஆனால் –

என் கணினியிலும் பார்த்தேன். ஒன்பது மெயில்கள் வரிசையில் நிற்கின்றன. முதலாவது தங்கைக்கு.

யோசிக்காமல் அவளைக் கூப்பிட்டேன்.
"ஒரு மாசமாச்சு அண்ணா. வரலன்னா வரலன்னு சொல்லித் தொலைக்கலாமே."
"வர்றேன்னு மூணாந்தேதியே எழுதினேன்மா. போகல."
"எதுல எழுதின? நீ செஞ்சதுலயா?"
"ஆமா."
சிரித்துவிட்டாள். "நாளைக்கு ஒருத்தர் வீடு பாக்க வரார். வேண்டாம்னு சொல்லிடறேன். நான் போன்லயே சொல்லிக்கறேன்."

ஜூன் 2
கொள்கை தப்பா? தெரியவில்லை. வேலைகளைப் பிரித்தது சரியாகவே இருக்கலாம். மெயில் போகவில்லை என்பதை எழுதியவனுக்குச் சொல்லும் வேலையை யாருக்கும் கொடுக்காமல் விட்டது நான்தான். அனுப்புவதையும் உள்ளேயே சேர்க்கிறேன். இன்று தொடங்கினேன்.

ஜூலை 14
கீழ் வீட்டில் நான்காம் நாள். அனுப்பும் பகுதி முடிந்தது. பதினோரு முறை சரிபார்த்துவிட்டு, முதல் மெயிலை மாடியிலிருக்கும் தங்கைக்கு அனுப்பினேன்: கிடைத்ததா?
படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. "வந்துடுச்சு அண்ணா. நீயும் வா, தட்டு வச்சாச்சு."