பகடை யார் கையில்

திண்டிவனம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நீங்களும் அம்மாவும் நலமா? கெடாரில் நம் நிலத்து மல்லாட்டைச் செடியெல்லாம் பிடுங்கி, கடலை ஆய்ந்து முடித்தாயிற்றா?

எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது. இப்போது இல்லை, பயப்படாதீர்கள். படுத்திருந்தபோது விடுதி அறைத்தோழி இருதயசெல்வி தன் லேப்டாப்பில் ஒரு விளையாட்டு கற்றுக்கொடுத்தாள். அதில் நான் மந்திரக்காரி. நெருப்பு அம்பு விட்டால் பகடையை நான் உருட்ட வேண்டும். எதிரியின் கவசத்தைத் தாண்டும் எண் விழுந்தால்தான் அது படும். பயமுறுத்தும் மந்திரம் போட்டாலோ எதிரிதான் உருட்டுவான். மனம் உறுதியானவன் தப்பிவிடுவான். இது புரியாமல், கவசம் போட்ட முரடன் ஒருவன் பக்கத்திலேயே நிற்க, கவசம் இல்லையே என்று ஒரு பூசாரி மேல் மூன்று முறை அந்த மந்திரத்தை வீணாக்கினேன்.

"ஏண்டி, அந்த முரட்டு ஆளை உட்டுட்டு, ஜெபம் பண்றவரையே பயமுறுத்திக்கினு இருக்கிறியே!" என்று செல்வி சிரித்தாள்.

ஞாயிறு போனில், "பேஜாரா இருந்தா சொல்லும்மா, வந்து கூட்டிக்கினு வந்துடறேன்" என்றீர்கள். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். வீட்டு நினைப்பும் அப்படி ஒரு மந்திரம்தான் அப்பா. அது வரும்போது பகடையை நான்தான் உருட்ட வேண்டும். பல நாள் தப்பித்துவிடுகிறேன். ஞாயிறு முடியவில்லை, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பை இங்கேயே முடிக்கிறேன். என்னைக் கூட்டிப்போக வர வேண்டாம், பார்க்க வாருங்கள்.

வரும்போது தேங்காய் எண்ணெயும், போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய புடவை ஒன்றும் வேண்டும். புடவையைத் துவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

படிப்பு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்
வெனிலா