நீல வாளித் தோல்

ஜூன் 3, செவ்வாய்

மெஷின் இன்றும் நின்றுவிட்டது. போன செவ்வாயும் நின்றது, போன வெள்ளியும். எனக்கு எதுவும் மறக்காது. நான்காம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தினார்கள்; நிறுத்தியது யார் என்பதும் மறக்கவில்லை.

கடைகளிலிருந்து வாளி வாளியாக வரும் ஆப்பிள் தோலில் அழுகலையும் ஒட்டுத்தாளையும் பொறுக்குவது என் வேலை. மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் ஷாக்கு. “கொதிக்க வெச்சா தோல்ல இருக்கற சத்து செத்துடும் பாட்டி. இது கண்ணிமைக்கறதுக்குள்ள ஒரு கரண்டுக் குத்து. பொடிப்பொடியா ஓட்டை விழும், உள்ள இருக்கறது தானா தண்ணிக்கு வந்துடும்” என்றாள். அதை மருந்துக் கம்பெனி வாங்குமாம். குப்பைக்கு வந்த வாழ்வு!

ஜூன் 4, புதன்

நன்றாக ஓடியது. வீட்டில் பேச ஆளில்லை; தொண்டையைச் செருமிப் பார்த்தேன், குரல் இருக்கிறதா என்று.

ஜூன் 6, வெள்ளி

மறுபடி பொறி பறந்து நின்றது. முதலாளி வந்து, “அடுத்த வாரமும் இப்படின்னா மெஷினைத் திருப்பி அனுப்பிடுவேன். நீங்களும் கிளம்பலாம்” என்றார். ஷாக்கு ஒயர்களைக் கழற்றிப் போட்டுக்கொண்டு அழுதாள். இந்த இடமும் போனால் என்னைப் பாட்டி என்று கூப்பிட ஆளில்லை.

செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவது நீல வாளி. அதிலிருந்து ஒரு தோலை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு. நறுக்கிய பழம் கறுக்காமலிருக்க உப்புத் தண்ணீரில் போடுவார்கள். தோலையும் அதிலேயே போட்டிருக்கிறாள், அந்தப் பழக்கடைக்காரி.

“உப்புத் தண்ணின்னா மெஷின் என்ன பண்ணும்?”

“ஐயோ, கரண்டு தறிகெட்டு ஓடும் பாட்டி. ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

சும்மா இல்லை. அந்தத் தோல் தலை முதல் அடி வரை அறுபடாத ஒரே சுருள். அப்படி உரிக்க அம்மா இரண்டு பேருக்குத்தான் சொல்லிக்கொடுத்தாள். எனக்கும் என் தங்கைக்கும். வாளி வந்த முதல் நாளே கண்டுகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அம்மா போய்ப் பதினான்கு வருஷம். எல்லாம் முடிந்து மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. சொல்லி அனுப்பாதவள் தங்கையா? ஷாக்கிடம் ஒரு வார்த்தை போதும், நீல வாளியை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தட்டுமே!

நிறுத்தினால் சுருளும் வராது. வாரத்துக்கு இரண்டு நாள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் இல்லையென்றால் — எனக்கு ஏன் இப்படி?

ஜூன் 9, திங்கள்

அவள் கடைக்குப் போனேன். நிமிர்ந்து பார்த்தாள், கத்தியை நிறுத்தவில்லை.

“தோலை உப்புத் தண்ணியில போடாத. மெஷின் நிக்குது.” பதினான்கு வருஷம் கழித்து இதுதானா என் வாயில் வர வேண்டும்?

“மெஷினுக்காக வந்தியாக்கா?”

“வேற யாருக்காக வரணும்? அம்மா செத்ததைச் சொல்லாதவளுக்காகவா?”

“நானே ஓடிவந்தேன். உன் வீட்டுல வேற யாரோ இருந்தாங்க. உன்னை எங்க போய்த் தேடுவேன்?”

வீடு மாறியதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஒரு குடைக்காக வந்த சண்டை. அவளே விசாரித்து வரட்டும் என்று இருந்துவிட்டேன். குடைப்பிடியின் நிறம்கூட ஞாபகமிருக்கிறதே, இது எப்படி எனக்கு மறந்தது?

விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

நீல வாளித் தோலில் உப்பில்லை. மெஷின் நாள் முழுக்க ஓடியது. “என்ன மந்திரம் போட்டீங்க பாட்டி?” என்று ஷாக்கு கன்னத்தைக் கிள்ளினாள். காலி வாளி திரும்பும்போது என் வீட்டு முகவரியை எழுதி உள்ளே போட்டேன். ஞாயிறு லீவு என்றும் எழுதினேன்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டு டம்ளர் கழுவி வைத்தேன். ஒன்றில் நான் குடித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

டம்ளர் இரண்டையும் அவளே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். சின்ன வயசிலிருந்தே அரைகுறைதான், சோப்பு நுரை அப்படியே இருக்கிறது. நான் மறுபடி கழுவவில்லை.