இரண்டு பேர் தொங்கும் கயிறு

மார்ச் 4
சாலை முகாம்

மச்சான்,

நலம் விசாரித்து நாலு வரி எழுத எனக்கு வராது. இங்கே போன் எடுக்காது. சாமானும் டீசலும் கொண்டுவரும் வண்டி வாரம் ஒருமுறை தபாலையும் எடுத்துப் போகிறது. அதனால்தான் கடிதம். உங்கள் இரண்டு கையும் மாவுக்கட்டில் இருக்கிறது, அக்காதான் படித்துக் காட்டுவாள் என்று தெரியும். அக்கா, என் எழுத்தைத் திட்டாமல் படி.

மின்கம்பி மேல் சாய்ந்த மரங்களைக் குறைக்கிற வேலை. பன்னிரண்டு கிலோமீட்டர், ஆறு பேர். கயிறுகள் படுமோசம். வந்த அன்றைக்கே ஒன்றை வெட்டிப் போட்டேன். மேலுறை பிய்ந்து உள்நார் தெரிந்தது. மேஸ்திரி, “பாக்க நல்லாத்தானே இருக்கு” என்றார். “அப்ப நீங்க ஏறுங்க, நான் கீழ நின்னு பாக்குறேன்” என்றேன். அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. ரம்பச் செயினுக்கு ஒழுங்காக அரம் போடத் தெரிந்தவனும் நான் ஒருவன்தான். மற்றவர்கள் ஒரு பக்கத்துப் பல்லை மட்டும் ராவுகிறார்கள். வெட்டு கோணலாகப் போனால் ரம்பத்தைத் திட்டுகிறார்கள்.

நீங்கள் விழுந்த ஐந்தாம் நாளே நான் கிளம்பி வந்தது சரியில்லைதான். ஆபீஸில் ஆள் கேட்டார்கள், வந்துவிட்டேன். மணிக்கட்டு எப்படி? தலை?

உங்கள் மாப்பிள்ளை

*

மார்ச் 13
வீடு

மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவின் கையெழுத்தில் உன் மச்சான் பேசுகிறேன். (அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், தம்பி. தப்பு இருந்தால் அது அவர் வாய்த் தப்பு.) ஆறு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தவனை ராஜா மாதிரி உட்கார வைத்து ஊட்டிவிடுகிறாள். கோபம் வந்தால் மட்டும் கரண்டி கொஞ்சம் வேகமாக வருகிறது. (இன்று மூன்று முறை வந்தது.)

தலை பரவாயில்லை. ஆனால் அந்த நாள் மட்டும் திரும்பி வரவில்லை. காலையில் டீ குடித்தது ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடச் சுவர் ஓரத்து மரத்தை அண்ணாந்து பார்த்தது இருக்கிறது. அப்புறம் ஆஸ்பத்திரி மின்விசிறி. நடுவில் ஒன்றுமே இல்லை.

ஆபீஸில் விசாரிக்கிறார்கள். கயிறு போட்ட கிளைக்கவை பிளந்திருக்கிறது. ஏறுவதற்கு முன் இரண்டு பேரும் சேர்ந்து கயிற்றில் தொங்கிப் பார்த்தீர்களா என்று கேட்கிறார்கள். காலைப் படிவத்தில் நீ ‘ஆம்’ என்று டிக் போட்டிருக்கிறாயாம். உன்னையும் கேட்பார்கள். தொங்கினோம்தானே? ரெண்டு ஆள் எடை தாங்கின கவை என் ஒருத்தனுக்குப் பிளக்குதுன்னா, மேல போய் நான்தான் ஏதோ கிறுக்குத்தனம் பண்ணியிருக்கணும். (பண்ணியிருப்பார்.)

உன் பதிலை வைத்துத்தான் நான் என்ன சொல்வது என்று பார்க்க வேண்டும்.

மச்சான்
(அக்கா)

*

மார்ச் 21
சாலை முகாம்

மச்சான்,

தொங்கினோம். ஆபீஸுக்கும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இங்கே ஒரு கூத்து. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு கிளையை வெட்டினேன். முதலில் அடியில் ஒரு வெட்டு, அப்புறம் மேலே. பாலபாடம். ஆனால் அந்தக் கிளையின் நுனி இன்னொரு மரத்தின் மேல் படுத்திருந்தது. அப்படிப்பட்ட கிளை மேல்பக்கம்தான் இறுகி நிற்கும். அதைக் கவனிக்காமல் அவசரத்தில் மேலேயிருந்து ரம்பத்தை விட்டேன். பாதியில் வெட்டு மூடிக்கொண்டது. ரம்பம் மரத்தில் மாட்டிக்கொண்டது. ரம்பத்தின் வார் என் இடுப்பு பெல்ட்டில். கிளை இன்னும் கொஞ்சம் தாழ, வார் விறைத்துக் கொக்கியைக் கழற்ற முடியவில்லை. இறங்கவும் முடியாது, நகரவும் முடியாது. வாரை அறுக்கக் கைரம்பத்தைத் தேடினால், அதைக் கீழேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கீழே மேஸ்திரி நாற்காலி போட்டு உட்கார்ந்து, “இன்ஜினீயர் தம்பி, மேல இருந்து ஊரு தெரியுதா?” என்றார்.

இன்னொருவன் ஏறி வந்து அறுத்துவிட ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை தொங்கிக்கொண்டு இருந்தேன். வேறு வேலை இல்லாததால் யோசித்தேன். என்ன யோசித்தேன் என்று எழுத ஆரம்பித்தேன், அடித்துவிட்டேன். அக்கா, அடித்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

மாப்பிள்ளை

*

ஏப்ரல் 2
வீடு

மாப்பிள்ளைக்கு,

முடிவு வந்துவிட்டது. இரண்டு பேர் சோதனை சரியாக நடந்திருக்கிறது, ஆகவே கவையில் குற்றம் இல்லை, ஏறியவர் தாறுமாறாகப் பாரம் கொடுத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறார்கள். நானும், ஞாபகம் இல்லை, என் தப்பாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். மரம் ஏறும் அனுமதி அட்டை ரத்து. கை சரியானதும் கொட்டகையில் உட்கார்ந்து செயினுக்கு அரம் போட வேண்டும். பதினொரு வருஷம் மரத்தில் இருந்தவனுக்கு ஸ்டூல்.

ராத்திரி பகல் எந்நேரமும் அந்த மரத்தில் மனசுக்குள் ஏறி இறங்குகிறேன். எந்த இடத்தில் பிசகினேன் என்று பிடிபடவில்லை. அதுதான் அரிக்கிறது. கட்டுக்குள்ளே அரிப்பது தனி.

என் பெல்ட்டை வண்டியில் அனுப்புகிறேன். இனி எனக்கு எதற்கு. உன் இடுப்புக்கு இரண்டு துளை உள்ளே தள்ளிப் போட வேண்டும்.

(தம்பி, இது நான். பெல்ட்டைப் பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கவனமில்லாத மனுஷன் என்று ஒரு மாதமாகத் திட்டித் தீர்த்துவிட்டேன். அதற்கும் ஆமாம் என்று தலையாட்டினார்.)

மச்சான்

*

ஏப்ரல் 10
சாலை முகாம்

மச்சான், அக்கா, இரண்டு பேருக்கும்,

அக்கா, இதை நடுவில் நிறுத்தாமல் சத்தமாகப் படி.

நாம் தொங்கவில்லை. காலைப் படிவத்தை வண்டியிலேயே, மரத்தைப் பார்ப்பதற்கு முன்பே, எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு முடித்துவிட்டேன். தினமும் அப்படித்தான் செய்வேன். நீங்கள் பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் கேட்டைப் பூட்டச் சொல்லப் போயிருந்தீர்கள். அதற்குள் நூல் கட்டிய மணல்பையை எறிந்து கவையில் கயிறு போட்டேன். நான் மட்டும் தொங்கிப் பார்த்தேன். என் எடை அறுபத்திரண்டு. நீங்கள் ரம்பத்தோடு தொண்ணூற்றெட்டு.

நீங்கள் வந்து, “வாடா மாப்ளே, தொங்குவோம்” என்றீர்கள். நான், “எல்லாம் பாத்தாச்சு மச்சான், பெல் அடிக்கிறதுக்குள்ள முடிக்கணும், ஏறுங்க” என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, “படிச்சவன் சொன்னா சரி” என்று ஏறிவிட்டீர்கள்.

கவையின் மேல்பக்கத்தில் தண்ணீர் தேங்கி உள்ளே உளுத்திருந்தது. கீழேயிருந்து தெரியாது. இரண்டு பேர் தொங்கியிருந்தால் நாம் தரையில் நிற்கும்போதே பிளந்திருக்கும். சோதனையே அதற்காகத்தான்.

உங்கள் மேல் தப்பு இல்லை. ஆபீஸுக்கு நீங்கள் எழுதுங்கள், நானும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். என் அட்டை போகும். போகட்டும். முன்பே சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குச் சொல்வதென்றால் அக்கா வாயால்தான் சொல்ல வேண்டும், அந்த தைரியம் வரவில்லை.

மாப்பிள்ளை

*

ஏப்ரல் 17
வீடு

தம்பி,

நல்லவேளை, உன் கடிதம் வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறையில் நின்றபடியே படித்தேன். உன்னைப் பிடித்து நாலு சாத்த வேண்டும் போல் இருந்தது. அப்புறம் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் எழுந்து, “என்ன எழுதியிருக்கான்?” என்று கேட்டார். கயிறு மாற்றிவிட்டார்களாம், மேஸ்திரியோடு சண்டையாம் என்று படித்தேன். இல்லாத வரிகளைப் பார்த்துப் படித்தேன், தம்பி. சிரித்தார்.

பதினொரு வருஷம். சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்கும்வரை ஒரு நாளும் நான் நிம்மதியாக இருந்ததில்லை. இப்போது என் கண் முன்னால் இருக்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்து யாரும் செத்ததில்லை. இதைப் படித்துக் காட்டினால் அட்டை திரும்பி வரும். கட்டுப் பிரித்த மறுநாளே மரத்தில் நிற்பார்.

அவர் தன்னையே நொந்துகொள்வது எனக்குத் தெரியாமல் இல்லை. கொஞ்ச நாளில் சரியாகிவிடும். நீ வாயை மூடிக்கொண்டு இரு. எனக்காக. உன்னை நான் எதுவுமே கேட்டதில்லை.

அக்கா

*

ஏப்ரல் 25
சாலை முகாம்

அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் யோசித்தேன். யோசிப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

நீ சொல்வது புரிகிறது. அவர் ஏறக் கூடாது என்று எனக்கும்தான் இருக்கிறது. ஆனால் செய்யாத தப்பை அந்த மனுஷன் தினமும் தேடிக்கொண்டு கிடக்கிறார். ரம்பம் மாட்டிக்கொண்டபோது எனக்கு ஒன்றேகால் மணி நேரம்தான். அவருக்கு இது முடியவே முடியாது, தேடுகிற பொருள் அங்கே இல்லை.

ஆபீஸுக்கு எழுதி இதே வண்டியில் அனுப்பிவிட்டேன். ஒரு நகல் அவர் பெயருக்குப் பதிவுத் தபாலில் வரும். அதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு, உன் வாயால் கேட்டால் நல்லது. பெல்ட்டையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன், துளை எதுவும் போடவில்லை. அதை மட்டும் ஒளித்து வைக்காதே.

இதற்கப்புறம் நீ என்னோடு பேசாவிட்டால், ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை.

தம்பி

*

மே 9
வீடு

மாப்பிள்ளைக்கு,

இது என் சொந்தக் கை. கட்டுப் பிரித்து ஆறு நாள் ஆகிறது. கோழி கிளறின மாதிரி இருக்கும், ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆகிறது.

பதிவுத் தபால் என் கைக்கே வந்தது. உன் அக்கா அதற்கு முன் ஒன்றும் சொல்லவில்லை. படித்த பிறகு பழைய கடிதத்தைக் கேட்டேன். மாவு டப்பாவின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதையும் நானே படித்தேன்.

படிச்சவன் சொன்னா சரி என்று நானும்தானே ஏறினேன். அதில் பாதி என் பங்கு. அதை நான் மறுக்கவில்லை. ‘தொங்கினோம்’ என்று எழுதினாயே, அந்த ஒரு வார்த்தைதான் விழுங்க முடியவில்லை. நீ இல்லாததை எழுதினாய், அவள் இல்லாததைப் படித்தாள். இரண்டு கையும் கட்டிக் கிடந்தவன் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

அட்டை திரும்பி வந்துவிட்டது. ஏறுவேனா தெரியாது. இடது மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை, முடிச்சு இறுக்கிப் பார்த்தேன், வலிக்கிறது. ஏற முடியாது என்று சொல்வதாக இருந்தால் அதை நான் சொல்லிக்கொள்கிறேன். பெல்ட் வாசற்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. உன் அக்கா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், ஆனால் எடுத்து வைக்கவில்லை.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே. எழுதினால் உறையின் மேல் என் பெயரை மட்டும் போடு. நானே பிரித்துக்கொள்வேன்.

மச்சான்