கூரைக்கு உண்டு, சம்பளத்துக்கு இல்லை

அக்டோபர் 20, திங்கள்
காலையில் ஸ்வெட்டர், மதியம் ஏசி. டெக்சஸ். இன்று முதல் ஓட்டுப் போடலாம். எங்கள் ஸ்கூல் லைப்ரரிக் கூரை ஒழுகுகிறது. அதற்கும் சேர்த்து, சொத்து வரியில் அடைக்கிற கடன் ஒன்றை ஸ்கூல் வாங்கலாமா என்று ஊரைக் கேட்பதுதான் இந்த பாண்ட் தேர்தல். ஸ்கூலில் இருக்கும்போது "யெஸ் போடுங்க" என்று ஊழியர்கள் யாரிடமும் சொல்லக் கூடாது. மாநிலச் சட்டம். பிள்ளையை அழைக்க வந்த ஒரு தமிழ் அம்மா கேட்டாள்: "நீங்க இங்கயே லைப்ரரி அசிஸ்டன்ட். எதுக்குப் போடணும்னு சொல்ல மாட்டீங்களா?"
சொட்டு விழுகிற இடத்தில் வைத்திருந்த வாளியைக் காட்டினேன்.

அக்டோபர் 23, வியாழன்
ஓட்டுப் போட்டாயிற்று. இவருக்கு கிரீன் கார்டுதான். ஓட்டு இல்லை, அபிப்பிராயம் மட்டும் நிறைய. வாக்குச் சீட்டில் கொட்டை எழுத்தில்: இது சொத்து வரி உயர்வு. எங்கள் ஊரில் வரி விகிதம் ஏறப் போவதே இல்லை. ஆனாலும் ஸ்கூல் பாண்ட் என்றால் அந்த வாசகம் இருந்தே ஆக வேண்டுமாம்.
சாயங்காலம் வாக்கிங். பக்கத்து வீட்டு கமலா ஆன்ட்டி: "ஏம்மா சுதா, டாக்ஸ் ஏறும்னு அதுலயே போட்டிருக்கே. நான் நோ தான்."
"ரேட் ஏறாது ஆன்ட்டி. அப்படிப் போடணும்னு ஸ்டேட் ரூல்."
"ஏறாததை ஏறும்னு எதுக்குப் போடுவான்?"
எனக்கும் அதே கேள்விதான்.

நவம்பர் 5, புதன்
பாண்ட் ஜெயித்தது, மயிரிழையில். ஸ்டாஃப் ரூமில் டோனட். மதியம் பிரின்சிபல் கூப்பிட்டார். பட்ஜெட் பற்றவில்லை; அடுத்த வருடம் லைப்ரரி அசிஸ்டன்ட் கிடையாது. நான்தான் அது. நல்ல மனிதர், கண்ணைப் பார்க்கவில்லை.
வீட்டில் இவர்: "இப்பதானே ஜெயிச்சீங்க? அதுலேர்ந்து குடுக்கட்டும்."
"அது பில்டிங், பஸ், சாமானுக்கு மட்டும். சம்பளத்துக்குத் தொட முடியாது."
"ஜனங்க ஓட்டுப் போட்டுக் குடுத்த பணம்டி."
"சட்டம் அப்படி. என்னை ஏன் கேக்கறீங்க?"
மகள் நிலா தட்டிலிருந்து நிமிராமல்: "தட்ஸ் சோ டம்ப்." அதட்டவில்லை.
தெரிந்த சட்டம்தான். தெரிந்தேதான் ஓட்டுப் போட்டேன். ஆனாலும்.
தயிர் வாங்க வேண்டும். நிலாவுக்கு டென்டிஸ்ட்.

நவம்பர் 19, புதன்
ஆர்க்கிடெக்ட் பெண் வந்து லைப்ரரியை அளந்தாள். புதுக் கூரை, பெரிய ஜன்னல், புதுத் தரை. எல்லாம் உண்டு. இங்கே வேலை செய்கிறவர்களுக்கு எத்தனை மேஜை வேண்டும் என்று கேட்டாள். அடுத்த வருடம் லைப்ரரியன் ஒருத்திதான்; அவள் என்னைப் பார்த்தாள்.
"இரண்டு" என்றேன்.